மெலியோய்டோசிஸ்: சந்தேகம் எழும் நாள் முதல் கடைசி மாத்திரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸுக்கு மருந்து இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் சாதாரணமாகக் கையிருப்பில் உள்ள மருந்துதான். இருந்தும் இந்தத் தொற்று வந்தவர்களில் ஏராளமானோர் இறந்துபோகிறார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இது வருவதாகவும், அவர்களில் 89,000 பேர் உயிரிழப்பதாகவும் மதிப்பிட்டது. அந்தச் சுமையில் 44 சதவீதம் தெற்காசியாவின் மீது விழுகிறது. இத்தனை பேரைத் தாக்கும் ஒரு நோய் இன்னும் ‘அரிய நோய்’ என்றே சொல்லப்படுவதற்குக் காரணம், பெரும்பாலான நோயாளிகளிடம் அது கண்டுபிடிக்கப்படாமலே போவதுதான். நிமோனியா என்றோ, காசநோய் என்றோ, காரணம் தெரியாத காய்ச்சல் என்றோ எழுதப்பட்டு அந்தக் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பதிவு செய்து வருகிறார்கள். முதல் 5 ஆண்டுகளில் அங்கே நோயாளிகளில் 31 சதவீதம் பேர் இறந்தார்கள். 30 ஆண்டுக் கணக்கு முடியும் தறுவாயில், கடைசி 5 ஆண்டுகளில் அது 6 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதிசய மருந்து எதுவும் இடையில் வந்துவிடவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருபவர்களிடம் இந்த நோயைத் தேடப் பழகினார்கள். சரியான ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் தொடங்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவைப் பலப்படுத்தினார்கள். தேடினால் கிடைக்கும், கிடைத்தால் காப்பாற்றலாம். இந்த வழிகாட்டியை எழுதும் எனக்கு இருக்கும் ஒரே வேகம் இதுதான். நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் அந்தத் தேடலில் பங்கெடுக்க முடியும். எந்த இடத்தில், எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கிருமி எங்கே வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் பர்க்ஹோல்டெரியா சூடோமாலியை. மனிதரிடம் இருந்து மனிதருக்குத் தாவிப் பிழைக்கும் கிருமி இல்லை இது. இதன் வீடு மண்ணும் தேங்கிய நீரும். வெப்பமண்டல நாடுகளின் ஈரமான மண்ணில், குறிப்பாக நெல் வயல்களில், ஓடைக் கரைகளில், குட்டைகளில் இது இயல்பாகவே வாழ்கிறது. வறண்ட மாதங்களில் மண்ணின் ஆழத்தில், ஈரம் இருக்கும் இடத்தில் தங்கிவிடும். மழை பெய்து நீர்மட்டம் உயரும்போது மேற்பரப்புக்கு வரும். உணவே இல்லாமல் பிழைக்கும் திறனும் இதற்கு உண்டு: வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

வடகிழக்குத் தாய்லாந்தும் வட ஆஸ்திரேலியாவும் இந்த நோய்க்குப் பெயர்போன இடங்கள். ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மலேசியா, சிங்கப்பூர், வியட்நாம், பிரேசில் என்று பட்டியல் நீளமானது. மேலே சொன்ன 2016 ஆய்வு, நோய் நிலைகொண்டிருப்பது தெரிந்த 45 நாடுகளோடு, இருந்தும் கண்டறியப்படாமல் இருக்கக்கூடிய இன்னும் 34 நாடுகளைச் சேர்த்தது. 2022-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி கடலோரப் பகுதி மண்ணிலும் நீரிலும் இதே கிருமி கண்டெடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, வெளிநாடு எதற்கும் போயிராத நான்கு பேருக்கு, நான்கு வெவ்வேறு அமெரிக்க மாநிலங்களில் இந்த நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். கடைசியில் காரணம், இறக்குமதி செய்யப்பட்ட ஓர் அறை நறுமணத் தெளிப்பான் குப்பிக்குள் இருந்தது. ‘இது நம் பக்கம் கிடையாது’ என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அங்கே யாராவது தேடிப் பார்த்தார்களா என்று திருப்பிக் கேட்கலாம்.

படி 2: உங்கள் உடலில் இதற்குக் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

ஒரே வயலில், ஒரே சேற்றில் நூறு பேர் இறங்கினாலும் நோய் பெரும்பாலும் வருவது குறிப்பிட்ட சிலருக்குத்தான். கிருமி உடலுக்குள் போன பலருக்கு எதுவுமே நடப்பதில்லை. யாருக்கு நோயாக மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பதில் மிகப் பெரிய பங்கு சர்க்கரை நோய்க்கு. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அல்லது அதற்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அது இல்லாதவரோடு ஒப்பிட்டால் உள்ளவருக்கு ஆபத்து சுமார் 12 மடங்கு என்று தாய்லாந்து ஆய்வு ஒன்று கண்டது. சிலருக்கு, தங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதே இந்தத் தொற்றோடு மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் தெரியவருகிறது.

அடுத்து அளவுக்கு மீறிய குடி, நாள்பட்ட சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், தாலசீமியா, புற்றுநோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு. வயது கூடக் கூட ஆபத்தும் கூடும். எச்.ஐ.வி. தொற்று மட்டும், நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக, இதற்கு ஒரு பெரிய காரணமாகத் தெரியவில்லை. குழந்தைகளுக்கும் முழு ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் கூட வருவது உண்டு. ஆகவே மேலே சொன்ன எதுவும் இல்லை என்பதற்காக ஒருவரிடம் இந்தச் சந்தேகத்தையே விட்டுவிடக் கூடாது.

படி 3: கிருமி உள்ளே வந்த வழியை நினைவுகூருங்கள்

மூன்று வழிகள். முதலாவது தோல்: வெறுங்காலில் வயலில் நடக்கும்போது ஏற்பட்ட கீறல், பித்தவெடிப்பு, முள் குத்திய இடம், ஆறாத சர்க்கரைப் புண். பல நோயாளிகளுக்கு அப்படி ஒரு காயம் இருந்ததே நினைவில் இருக்காது, அவ்வளவு சிறியது. இரண்டாவது மூச்சு: சூறைக்காற்றோடு கனமழை கொட்டும்போது மண்ணில் இருந்து எழும் நுண்துளிகளோடு கிருமி நுரையீரலுக்குள் போகிறது. பெரும்புயலுக்குப் பிறகு வரும் நோயாளிகளில் நிமோனியா அதிகமாகவும் தீவிரமாகவும் இருப்பது இதனால்தான். மூன்றாவது குடிநீர்: குளோரின் போடாத கிணற்று நீர், ஆற்று நீர். வெள்ளத்திலோ குளத்திலோ மூழ்கித் தப்பியவர்கள் சேற்று நீரை விழுங்குவதும், அது மூச்சுக்குழாயில் இறங்குவதும் தனி ஆபத்து. 2004 சுனாமியில் உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குத் தாய்லாந்தில் இப்படி நோய் வந்தது.

கிருமி நுழைந்த நாளுக்கும் காய்ச்சல் தொடங்கும் நாளுக்கும் இடைவெளி பொதுவாக 1 முதல் 21 நாட்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். ஆகவே காய்ச்சலுக்கு முந்தைய மூன்று வாரங்களைப் பின்னோக்கி யோசியுங்கள்: எங்கே போனீர்கள், எந்த மண்ணைத் தொட்டீர்கள், மழையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள். அதோடு நிறுத்திவிடவும் முடியாது. கிருமி உடலுக்குள் பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்து, பின்னாளில் உடல் தளரும்போது வெளிப்படுவதும் உண்டு. 29 ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்பட்ட நிகழ்வு பதிவாகியிருக்கிறது. வியட்நாம் போரில் இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் சிலருக்கு ஊர் திரும்பி வெகு காலம் கழித்து நோய் வந்தது. அப்படித் தாமதமாக வருவது குறைவுதான். ஆனாலும் முன்பு வெப்பமண்டல நாடுகளில் வாழ்ந்தவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

படி 4: அறிகுறிகளைச் சேர்த்துப் பாருங்கள்

இந்த நோய்க்கென்று தனி முகம் கிடையாது. எந்த உறுப்பையும் தாக்கும், எந்த நோயைப் போலவும் தோன்றும். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் நிமோனியாவோடு வருகிறார்கள்: காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தத்திலேயே கிருமி கலந்திருக்கும். அது செப்சிஸாக (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலையாக) முற்றினால் ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீர் குறைந்து, நினைவு தடுமாறி, ஓரிரு நாளில் உயிர் போகலாம்.

இன்னொரு பக்கம், மெதுவாக நகரும் வடிவம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை குறைவு, சளி, நுரையீரலின் மேல் பகுதியில் குழிவு. எக்ஸ்ரேயைப் பார்க்கும் யாருக்கும் காசநோய் என்றே தோன்றும். சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை, ஆனாலும் காசநோய் மாத்திரை தொடங்கியாயிற்று, வாரங்கள் ஓடியும் முன்னேற்றம் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மெலியோய்டோசிஸ் கிருமி இருக்கிறதா என்று பரிசோதனை செய்து பார்த்தாக வேண்டும். இந்தக் கோப்புகளில்தான் மெலியோய்டோசிஸ் அதிகம் ஒளிந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சீழ்க்கட்டிதான் நோயின் மிக நெருங்கிய அடையாளம். கல்லீரலில், மண்ணீரலில், சிறுநீரகத்தில், தசையில், தோலில், மூட்டில், எலும்பில் எங்கும் வரலாம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒரே நேரத்தில் பல கட்டிகள் இருந்தால் சந்தேகம் பலமாக வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் சீழ் கட்டுவது உண்டு; சிறுநீர் அடைப்போ எரிச்சலோ வந்தால் அதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் குழந்தைகளுக்குக் காதுக்குக் கீழே, கன்னத்து எச்சில் சுரப்பியில் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சீழ் பிடிப்பது அடிக்கடி காணப்படுகிறது. அம்மைக்கட்டு என்று நினைத்துப் பச்சிலை போட்டு நாட்களைக் கடத்திவிடுவது இந்த இடத்தில் எளிது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குவது அரிது. தாக்கினால் முகவாதம், கை கால் பலமிழப்பு என்று வெளிப்படும்.

இதில் எந்த ஒரு அறிகுறியும் தனியாக எதையும் நிரூபிக்காது. சர்க்கரை நோய் அல்லது வேறொரு ஆபத்துக் காரணி, மண்ணோடோ நீரோடோ தொடர்பு, மழைக்காலம், வழக்கமான மருந்துக்கு அடங்காத காய்ச்சல் அல்லது சீழ்: இவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்தாலே கேள்வியை எழுப்பப் போதுமானது. மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் யோசிக்க நேரம் இல்லை. அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

படி 5: மருத்துவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்

கூட்டமான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘மூன்று நாளாகக் காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் அவர் மனதில் இந்த நோய் வராமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். செய்யும் வேலை என்ன, கடந்த மூன்று வாரத்தில் சேற்றில் இறங்கினீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், காலில் புண் இருந்ததா, சர்க்கரை அளவு எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, இதுவரை எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. குடியைப் பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் நோயைக் கண்டுபிடிக்க உதவக்கூடும்.

பிறகு நேராகவே கேட்கலாம்: “டாக்டர், இது மெலியோய்டோசிஸாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா? கல்ச்சர் எடுத்துப் பார்க்கலாமா?” (கல்ச்சர் என்பது ரத்தம், சீழ் போன்ற மாதிரிகளில் இருந்து கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை.) அக்கறையுள்ள மருத்துவர் எவரும் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் மறுத்தால் காரணத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள்.

படி 6: கல்ச்சர் சரியாக எடுக்கப்படுகிறதா என்று கவனியுங்கள்

எல்லாமே இந்தப் படியில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நோய் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்ததும் கல்ச்சரால்தான். 1911-ல் பர்மாவின் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள், இறந்தவர்களின் உடற்கூறாய்வில் நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் விசித்திரமான சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். அவர்களில் பலர் மார்ஃபின் ஊசிப் பழக்கம் உள்ளவர்கள். பார்க்கக் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலவே இருந்தது. சீழில் இருந்து கிருமியை வளர்த்துப் பார்த்தபோது, கிளாண்டர்ஸ் கிருமியைப் போல் இல்லாமல் இது நகரக்கூடியதாகவும் வேகமாக வளர்வதாகவும் இருந்ததால் புதிய நோய் என்று முடிவுக்கு வந்தார்கள். 1912-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். நூறாண்டு தாண்டியும் நோயை உறுதிசெய்ய அதைவிட நம்பகமான வழி வரவில்லை.

எந்த மாதிரிகளை எடுக்க வேண்டும்? ரத்தம், சிறுநீர், சளி, தொண்டைத் துடைப்பு, ஆசனவாய்த் துடைப்பு; சீழ் எங்காவது இருந்தால் அதுவும், ஆறாத புண் இருந்தால் அதில் இருந்தும். நுரையீரல் நோயாளிக்குச் சிறுநீர் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கிருமி எதிர்பாராத இடத்தில் அகப்படுவது இந்த நோயில் சகஜம். முடிந்தவரை ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட வேண்டும். நோயாளி மோசமான நிலையில் இருந்தால் இதற்காக மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது. ரத்தத்தை உறிஞ்சிய கையோடு மருந்தை ஏற்றிவிடலாம், இரண்டும் ஒரே சில நிமிட வேலைதான்.

அடுத்து ஆய்வகம். கிளாண்டர்ஸ் கிருமியைவிட வேகம் என்றாலும், மாதிரியில் கலந்திருக்கும் மற்றக் கிருமிகளோடு ஒப்பிட்டால் இது மெதுவாகத்தான் வளரும். தொண்டையிலும் சளியிலும் இயல்பாக இருக்கும் மற்றக் கிருமிகள் அதற்குள் கிருமி வளர்க்கும் தட்டை நிறைத்துவிடும். அதற்காகவே ஆஷ்டவுன் அகார் என்ற தனி ஊடகம் இருக்கிறது. அதில் சேர்க்கப்படும் ஜென்டாமைசின் மற்றக் கிருமிகளை அடக்கிவிடும், நம் கிருமி மட்டும் ஊதா நிறத்தில் சுருங்கிய சிறு வட்டங்களாக எழும்பும். தட்டைச் சில நாட்கள் வைத்திருந்து பார்க்க வேண்டும். சாதாரணத் தட்டில் வளர்ந்தாலும், அனுபவமில்லாத கண்ணுக்கு வேறு சூடோமோனாஸ் வகை போலவோ, வெளியில் இருந்து கலந்த மாசு போலவோ தெரிந்து தூக்கி எறியப்படும் ஆபத்து உண்டு. தானியங்கி இயந்திரங்களும் இதை இதன் உறவுக் கிருமியான பர்க்ஹோல்டெரியா செபேசியா என்று தவறாக அடையாளம் காட்டிவிடுவது தெரிந்த விஷயம்.

மருத்துவர்களும் லேப் ஊழியர்களும் நினைவில் வைக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. கிராம் நெகட்டிவ் குச்சி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் கட்டுப்படாது, ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலானேட்டுக்குக் கட்டுப்படும். இப்படி ஒரு முடிவு வந்தால், வேறு நோய் என்று நிரூபிக்கும் வரை மெலியோய்டோசிஸ் என்றே கருத வேண்டும். சில இடங்களில் ஜென்டாமைசினுக்குக் கட்டுப்படும் வகைகளும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. லேட்டக்ஸ் பரிசோதனை, பி.சி.ஆர். ஆகியவை சந்தேகப்பட்ட காலனியை (தட்டில் வளர்ந்த கிருமித் திரளை) விரைவில் உறுதிசெய்யும். அனுப்பும் படிவத்தில் ‘மெலியோய்டோசிஸ் சந்தேகம்’ என்று எழுதுவது இரண்டு விதத்தில் பயன்படும். லேப் அதைத் தேடும். ஊழியர்களும் பாதுகாப்பு அறைக்குள் வைத்துக் கையாள்வார்கள். மூடாத தட்டில் இருந்து கிளம்பும் நுண்துளி அவர்களுக்கே ஆபத்து.

இப்போது கசப்பான உண்மை: ஒரு முறை கல்ச்சர் எடுத்தால் உண்மையான நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேரிடம்தான் கிருமி அகப்படும். ‘நெகட்டிவ்’ என்று வந்த தாளைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சந்தேகம் நீடித்தால் திரும்பவும் எடுக்க வேண்டும், கிடைத்தால் சீழையே எடுத்து அனுப்ப வேண்டும். மாறாக, உடலின் எந்த இடத்தில் இருந்தாவது, தொண்டைத் துடைப்பில் ஒரே ஒரு காலனி வளர்ந்தால்கூட, அது நோய்தான். ஆரோக்கியமான உடலில் இயல்பாகத் தங்கியிருக்கும் கிருமி அல்ல இது.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. நோய் நிலைகொண்ட பகுதிகளில் நோயே இல்லாத பலருக்கும் அது பாசிட்டிவாக வரும். கடும் நோயாளிக்கு நெகட்டிவாகவும் வரும்.

படி 7: ஒளிந்திருக்கும் சீழைத் தேடச் சொல்லுங்கள்

நோய் உறுதியானதும் மார்பு எக்ஸ்ரேயோடு, வயிறு, இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேன் எடுப்பது பெரியவர்கள் எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. வயிற்றில் வலி இல்லாவிட்டாலும் சரி. சி.டி. வசதி இல்லாத இடத்தில் அல்ட்ராசவுண்ட். புராஸ்டேட் கட்டி, பெரிய ஒற்றைக் கட்டி, மூட்டில் தேங்கிய சீழ் ஆகியவற்றை வெளியேற்ற வேண்டும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிதறிக் கிடக்கும் சிறு கட்டிகளைப் பெரும்பாலும் தொடாமல் மருந்தாலேயே கரைப்பார்கள்.

படி 8: ஊசி மருந்துக் கட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சிகிச்சை இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் மருத்துவமனையில், நரம்பு வழியாக. மருந்து செஃப்டாசிடைம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு மெரோபெனம். பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான முதல் மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. நிமோனியாவுக்கு நிறையப் பயன்படும் செஃப்ட்ரியாக்சோனும் இதற்குப் போதாது. 1989-ல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்றில், பழைய மருந்துக் கலவை பெற்ற கடும் நோயாளிகளில் 74 சதவீதம் பேர் இறந்தார்கள். செஃப்டாசிடைம் பெற்றவர்களில் 37 சதவீதம். எந்த மருந்து என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

குறைந்தது 10 முதல் 14 நாட்கள். ஆழத்தில் சீழ் இருந்தால் 4 வாரம், எலும்பில் என்றால் 6 வாரம், மூளையைத் தாக்கியிருந்தால் 8 வாரம் என்று நீளும். சீழை வெளியேற்றினால், வெளியேற்றிய நாளில் இருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. மூளை, எலும்பு, மூட்டு, புராஸ்டேட் போன்ற இடங்களுக்கு ஊசியோடு கோ-ட்ரைமாக்சசோலையும் சேர்ப்பார்கள்.

வீட்டாரைக் கலங்கடிக்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சரியான மருந்து சரியான அளவில் போனாலும் காய்ச்சல் உடனே இறங்காது. சராசரியாக 9 நாள் ஆகும். பெரிய சீழ்க்கட்டி இருந்தால் ஒரு மாதம்கூட ஆகலாம். இரத்த அழுத்தம் நிலையாக இருந்து, மூச்சு சீராகி, சாப்பாடு இறங்கத் தொடங்கினால், காய்ச்சல் இருந்தாலும் சிகிச்சை வேலை செய்கிறது என்று பொருள். பொறுமை இழந்து ஆளை வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதோ, மருந்தை மாற்றச் சொல்லி நெருக்குவதோ கெடுதலாக முடியும். அதே நேரத்தில், ஒரு வாரம் கழித்தும் ரத்தத்தில் கிருமி வளர்கிறது, நிலைமை சரிகிறது என்றால் புதிய கட்டி ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது நியாயம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் இந்த நாட்களில் சிகிச்சையின் பகுதியே.

படி 9: மாத்திரைக் கட்டத்தை முடித்துவிடுங்கள்

டிஸ்சார்ஜ் ஆன நாளில் நோய் பாதிதான் முடிந்திருக்கிறது. கிருமி நம் செல்களுக்கு உள்ளேயே புகுந்து வாழக்கூடியது. ஒரு செல்லில் இருந்து பக்கத்துச் செல்லுக்கு நேரடியாகத் தாவவும் தெரிந்தது. அங்கே மிச்சம் இருப்பதை ஒழிக்கத்தான் மாத்திரை: கோ-ட்ரைமாக்சசோல், குறைந்தது 3 மாதம். எலும்பு, மூளை பாதிப்புக்கு 6 மாதம். அளவு உடல் எடையையும் சிறுநீரக நிலையையும் பொறுத்தது. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுப்பதைவிட அதிகமாக இருக்கும். ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

இந்த மூன்று மாதம்தான் மிகப் பலர் தவறவிடும் இடம். உடம்பு தெம்பாக இருக்கிறது, வேலைக்குத் திரும்பியாயிற்று, மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்ப வருவதற்கு முதன்மையான காரணமே இப்படிப் பாதியில் நிறுத்துவதுதான். திரும்ப வரும் நோய் முதல் முறை அளவுக்கே ஆபத்தானது. வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து, நாள்காட்டியில் தினமும் குறியிட்டு, மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைக்கும் ஏற்பாடு வேண்டும்.

பக்கவிளைவுகள் உண்மையானவை, அலட்சியம் கூடாது. கோ-ட்ரைமாக்சசோல் சல்ஃபா வகை மருந்து; சல்ஃபா ஒவ்வாமை முன்பு இருந்திருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். தோலில் தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், தோல் உரிதல் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றைத் தொடக்க வாரங்களில் வாரம் ஒரு முறையாவது பார்ப்பது நல்லது. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்சிசைக்ளின் அல்லது அமாக்சிசிலின்-கிளாவுலானேட் என்று மாற்று இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாகவே நிறுத்துவதும், மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றுவதும் ஒன்றல்ல.

படி 10: வீட்டில் இருப்பவர்களும் அடுத்த மழைக்காலமும்

நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ, துணி துவைத்தாலோ தொற்றாது. மனிதரிடம் இருந்து மனிதருக்குப் பரவியது மிக மிக அரிது. மார்பகத்தில் தொற்று உள்ள தாயின் பால் வழியாகக் குழந்தைக்குப் போனது அப்படிப்பட்ட அரிய வழிகளில் ஒன்று. சீழ் வடியும் புண்ணைத் துடைக்கும்போது கையுறை போட்டுக் கைகழுவினால் போதும். ‘ஒட்டுவாரொட்டி’ என்று ஒதுக்கி வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி. ஆடு, செம்மறி, பன்றி போன்ற விலங்குகளுக்கும் இதே மண்ணில் இருந்து இந்த நோய் வரும். சீழ்க்கட்டியோடு இறந்த விலங்கை வெறுங்கையால் அறுக்க வேண்டாம்.

தடுப்பூசி இன்னும் இல்லை. சேற்றில் இறங்குபவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும். பூட்ஸோடு நாற்று நட முடியாது என்பதும், உழைக்கும் வெயிலில் கால் வெந்துபோகும் என்பதும் உண்மை. அணியவே முடியாத நாளில், காலில் புண் இருந்தால் நீர் புகாத பட்டையால் மூடிவிட்டு இறங்குங்கள். கரையேறியதும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். புண் பெரிதாக இருந்தால் அது ஆறும் வரை வேறு யாராவது இறங்கட்டும். சூறைக்காற்றோடு மழை கொட்டும்போது வீட்டுக்குள் இருப்பது நுரையீரலுக்குப் பாதுகாப்பு. குடிநீரைக் கொதிக்க வைத்தோ, குளோரின் போட்டோ குடிக்க வேண்டும். பார்க்கத் தெளிவாக இருப்பது எதையும் உறுதிசெய்யாது. நோய் அதிகம் உள்ள பகுதியில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மழைக்காலம் முழுவதும் தடுப்பு மருந்து கொடுக்கும் நடைமுறை டார்வினில் இருக்கிறது. உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஒருமுறை வந்து குணமானால் மறுமுறை வராது என்ற பாதுகாப்பும் கிடையாது. பழைய கிருமி மீண்டும் தலைதூக்கலாம், மண்ணில் இருந்து புதிதாகவும் தொற்றலாம். எனவே டிஸ்சார்ஜ் தாளையும் கல்ச்சர் முடிவையும் பத்திரமாக ஒரு உறையில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டோ, பத்தாண்டு கழித்தோ, காய்ச்சல் வந்து மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் அந்த உறையோடு மருத்துவமனைக்குப் போங்கள்; மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதற்கு முன்பே போங்கள்.